தொழிற்படிப்பு முதுநிலை மாணவர் சங்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்டம், மருத்துவம், நிர்வாகம், பொதுச் சுகாதாரம், சமூகப்பணி, கட்டடக்கலை என்று ஏதாவதொரு தொழிற்படிப்பில் சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கத் தொடங்கும் கேள்விகள் இவை. முதுநிலைப் பொதுச் சுகாதாரம் படித்த காலத்தில் எங்கள் துறை மாணவர் சங்கத்துக்கு ஓராண்டு பொருளாளராக இருந்தேன். அதன்பிறகும், புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும்போது கூட உட்கார்ந்து பேசுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். சில நாடுகளில் சட்டமும் மருத்துவமும் ஒரு பட்டம் முடித்த பிறகே படிக்க முடியும். சில நாடுகளில் பள்ளி முடிந்ததுமே சேரலாம். இந்தப் பதில்கள் இரு தரப்புக்கும் பொருந்தும்.

இளநிலையிலும் மன்றங்கள் இருந்தனவே, இங்கே என்ன வித்தியாசம்?

இளநிலையில் நாடக மன்றத்தில் உங்களோடு நடித்தவர்கள் படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போயிருப்பார்கள். ஒருவர் வங்கியில், இன்னொருவர் பள்ளியில், மற்றொருவர் வேறெங்கோ. தொழிற்படிப்பில் பக்கத்து இருக்கையில் இருப்பவர் இருபது வருடம் கழித்தும் உங்கள் தொழிலிலேயே இருப்பார். எதிர்த்தரப்பு வழக்கறிஞராக எழுந்து நிற்கலாம். நீங்கள் அனுப்பிவைக்கும் நோயாளியைப் பார்க்கும் மருத்துவராக இருக்கலாம். நீங்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கலாம். அப்போது உங்கள் மதிப்பெண் அவருக்கு ஞாபகம் இருக்காது. "இவர் ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் முடித்துத் தருவார்" என்பதோ, "கடைசி நேரத்தில் போனை எடுக்கமாட்டார்" என்பதோதான் ஞாபகம் இருக்கும். அந்த அபிப்பிராயம் வகுப்பில் உருவாவது குறைவு. சங்க வேலையில்தான் உருவாகிறது.

இன்னொன்று, இங்கே வருபவர்களின் வாழ்க்கை. பலர் ஏற்கெனவே சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். குழந்தை இருக்கும், கல்விக் கடன் இருக்கும். மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு எல்லோராலும் வந்துவிட முடியாது. படிப்புக் காலமும் குறுகியது: ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு. வேலை பழகுவதற்குள் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும். இதனால் வரும் சிக்கலைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். தொழிற்படிப்பு மாணவர் சங்கங்களின் பெரிய நோய் அதுதான் என்பது என் எண்ணம்.

இது புதிதாக வந்த வழக்கமா?

இல்லவே இல்லை. பல்கலைக்கழகம் என்ற அமைப்பே இதிலிருந்துதான் கிளைத்தது என்று சொல்லலாம். இத்தாலியின் பொலோனா பல்கலைக்கழகம் 1088இல் தோன்றியதாக மரபாகச் சொல்லப்படுகிறது. அங்கே ரோமானியச் சட்டம் படிக்க அயலூர்களிலிருந்து வந்தவர்களில் பலர் வயது முதிர்ந்தவர்கள். சிலர் ஏற்கெனவே திருச்சபைப் பணியில் இருந்தவர்கள். வந்த ஊரில் அவர்களுக்குக் குடியுரிமை கிடையாது. வாடகையை ஏற்றினாலும் கடன்காரன் பிடித்து நிறுத்தினாலும் கேட்பாரில்லை. ஆகவே கைவினைஞர்கள் தங்களுக்குள் சங்கம் கட்டிக்கொண்டதைப் போல இவர்களும் கட்டிக்கொண்டார்கள். அத்தகைய சங்கத்துக்கு லத்தீனில் வழங்கிய பெயர்தான் 'யுனிவர்சிடாஸ்'. ஆல்ப்ஸ் மலைக்கு இப்பக்கத்தவர்களுக்கு ஒன்று, அப்பக்கத்தவர்களுக்கு ஒன்று என இரண்டு இருந்தன.

தலைவரை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குக் கட்டுப்படுவதாகப் பேராசிரியர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது. மணி அடித்த பின்னும் பாடத்தை நீட்டினால் அபராதம், அனுமதியில்லாமல் ஒரு நாள் ஊரைவிட்டுப் போனாலும் அபராதம். இன்று எந்தச் சங்கத்துக்கும் அத்தனை அதிகாரம் கிடையாது, இருக்கவும் தேவையில்லை. ஆனாலும் இந்தக் கதையைப் புதியவர்களுக்கு நான் சொல்லாமல் விடுவதில்லை. சங்கம் என்பது படிப்புக்கு வெளியே உள்ள பொழுதுபோக்கு என்ற நினைப்போடு வருகிறவர்களுக்கு, படிப்பதற்கான இடத்தையே உண்டாக்கியவர்கள் தொழிற்படிப்பு மாணவர்கள்தான் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எந்தெந்த வகைச் சங்கங்கள் இருக்கும்?

முதலில் துறைப் பேரவை. சேர்க்கை பெற்றவர்கள் எல்லோரும் தாமாகவே அதில் உறுப்பினர்கள். பாடத்திட்டக் குழுவிலோ கட்டணம் பற்றிய பேச்சிலோ மாணவர் தரப்பில் ஒருவர் உட்கார வேண்டுமென்றால் பேரவைதான் அனுப்பும். கவர்ச்சியில்லாத வேலை, ஆனால் விளைவு பெரியது.

அடுத்தது துறைக்குள் ஒரு கிளையில் ஆர்வமுள்ளவர்கள் கூடும் குழுக்கள்: வரிச் சட்டம், குழந்தை மருத்துவம், நிதி மேலாண்மை என்று. அந்தத் தொழிலில் உண்மையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை இங்கே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தொழிலில் தங்கள் பின்புலத்தவர் குறைவாக இருப்பதை உணர்ந்தவர்கள் கட்டிய சங்கங்கள் மூன்றாவது. அமெரிக்காவில் கறுப்பின மருத்துவ மாணவர்கள் 1964இல் தேசிய அளவில் ஒன்றுகூடினார்கள். கறுப்பினச் சட்ட மாணவர்களின் சங்கம் 1968இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. வீட்டில் முதன்முதலாக வழக்கறிஞராகப் போகும் ஒருவருக்கு, நேர்காணலுக்கு என்ன உடுத்துவது என்பதிலிருந்து பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் எப்படிக் கேட்பது என்பதுவரை சொல்லித்தர ஆள் வேண்டும். மற்றவர்களுக்கு அப்பாவோ அத்தையோ சொல்லித்தந்திருப்பார்கள்.

இதழ்களும் போட்டிகளும் சட்டப் படிப்பில் தனி உலகம். ஹார்வர்ட் சட்டக் கல்லூரி மாணவர்கள் 1887இல் தொடங்கிய சட்ட ஆய்விதழை இன்றும் மாணவர்களே பதிப்பிக்கிறார்கள். பேராசிரியர்கள் எழுதியனுப்பும் கட்டுரையை ஏற்பதா திருப்பியனுப்புவதா என்று மாணவர்கள் முடிவுசெய்வது வேறு துறைக்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். சர்வதேசச் சட்டத்துக்கான ஜெஸ்ஸப் மாதிரி நீதிமன்றப் போட்டி 1960 முதல் நடக்கிறது. நிர்வாகப் படிப்பில் இதற்கு இணையானது கேஸ் போட்டி: ஒரு நிறுவனத்தின் சிக்கலைக் கொடுத்து, அதற்குத் தீர்வு சொல்லச் சொல்வார்கள்.

நாடு கடந்த கூட்டமைப்புகளும் உண்டு. மருந்தியல் மாணவர்களுக்கானது 1949இல் லண்டனிலும், மருத்துவ மாணவர்களுக்கானது 1951இல் கோபன்ஹேகனிலும் தொடங்கப்பட்டன. போர் முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த ஐரோப்பாவில், எல்லை தாண்டி ஒருவரையொருவர் சந்திக்க வேண்டும் என்ற தவிப்பு அவற்றின் பின்னால் இருந்தது. ஐரோப்பியச் சட்ட மாணவர் சங்கம் 1981இல் வியன்னாவில் தொடங்கப்பட்டபோது ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனியுடன் போலந்து, ஹங்கேரி மாணவர்களும் இருந்தார்கள். இரும்புத்திரை விலகாத காலம் அது.

மதிப்பெண் பார்த்து அழைக்கும் கௌரவச் சங்கங்களும் இருக்கின்றன. அழைத்தால் போங்கள். அழைக்காவிட்டால் வருந்தாதீர்கள்.

படிக்கவே நேரமில்லை. சேர்ந்துதான் ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. வேலைக்கும் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு படிப்பவரிடம் "சங்கத்திலும் சேருங்கள்" என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் "நேரமில்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர், சேர்ந்தால் எவ்வளவு நேரம் போகும் என்று கேட்டுப் பார்க்காதவர்கள். என் அனுபவத்தில், வெறும் உறுப்பினராக இருப்பதற்கு மாதம் இரண்டு மூன்று மணி நேரம் போதும். நிர்வாகக் குழுவில் இருந்தால் வாரம் நான்கைந்து மணி நேரம் ஆகும். பெரிய நிகழ்ச்சி நெருங்கும்போது அது இரட்டிப்பாகும். தேர்வுக்கால அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

முதல் பருவத்தில் ஒரே ஒரு சங்கம் போதும். அறிமுக நாளன்று ஏழு இடங்களில் பெயரைப் பதிந்துவிட்டு வருகிறவர்கள், ஒரு மாதத்தில் ஏழு வாட்ஸ்அப் குழுக்களையும் சத்தமில்லாமல் அடக்கிவைத்துவிடுகிறார்கள். அதனால் யாருக்கும் பயனில்லை.

பல சங்கங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பெயரைப் பார்க்காதீர்கள், சென்ற ஆண்டு என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து மூன்று விஷயம் கேளுங்கள்: போன வருடம் எத்தனை முறை கூடினீர்கள், கணக்கை எப்போது படித்தீர்கள், தலைவரைத் தவிர வேறு யார் வேலை செய்தார்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் யோசிக்க ஆரம்பித்தால், அது ஒரே ஆளின் தோளில் நிற்கும் சங்கம். அவர் போனதும் சரிந்துவிடும்.

பிறகு ஒரு சாதாரணக் கூட்டத்துக்குப் போங்கள். பிரமுகர் வரும் விழாவுக்குப் போனால் ஒன்றும் தெரியாது. நாற்காலி போடுவது யார், புதியவர் பேசும்போது மற்றவர்கள் கேட்கிறார்களா, எடுத்த முடிவை யாராவது எழுதிக்கொள்கிறார்களா என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ரெஸ்யூமேவில் போட்டுக்கொள்ளலாமா? வேலை கிடைக்க உதவுமா?

போட்டுக்கொள்ளலாம். பதவிப் பெயர் மட்டும் பெரிதாக உதவாது. 'துணைத் தலைவர்' என்று எழுதியிருந்தால் நேர்காணல் செய்பவர் அடுத்து கேட்கப்போவது "என்ன செய்தீர்கள்?" என்பதுதான். "மூன்று மாதம் பேச்சாளர் கிடைக்காமல் நின்றுபோன வாரக் கூட்டத்தை, முன்னாள் மாணவர்களைத் தேடிப்பிடித்து மறுபடி நடத்தினேன்" என்று சொல்ல முடிந்தவருக்குப் பதவிப் பெயரே தேவையில்லை.

வேலைவாய்ப்புக்கு இதைவிட உதவுவது, சங்கம் வழியாக மூத்தவர்களோடு ஏற்படும் பழக்கம். வேலை கேட்காமல் அவர்களிடம் தொழிலைப் பற்றிக் கேளுங்கள். கேட்ட பிறகு, அவர் சொன்னதைச் செய்துபார்த்து என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதியனுப்புங்கள். அப்படி எழுதுபவர்கள் மிகக் குறைவு என்பதால் அவர் உங்களை மறக்கமாட்டார்.

பொறுப்புக்கு வர ஆசை. எந்தப் பொறுப்பைக் கேட்கலாம்?

எல்லோரும் தலைவர் பதவியைப் பார்க்கிறார்கள். நான் செயலாளரையும் பொருளாளரையும் சொல்வேன். கூட்டத்தில் பலர் பலவிதமாகப் பேசியதை நான்கு வரியில், யாருக்கும் அநியாயமில்லாமல் எழுதப் பழகியவர், பிற்காலத்தில் எந்த அலுவலகத்திலும் மதிக்கப்படுவார். நோயாளியின் குறிப்பேடு, கட்சிக்காரரின் கோப்பு, திட்ட அறிக்கை எல்லாமே அந்தத் திறமையின் மறுவடிவம்தான். கணக்கும் அப்படியே. அடுத்தவர் பணத்தைக் கையில் வைத்திருப்பது எப்படிப்பட்ட உணர்வு என்று முதன்முதலில் எனக்குத் தெரிந்தது சங்கப் பொருளாளராக இருந்தபோதுதான்.

சங்கப் பணத்தை எப்படிக் கையாள்வது?

நான் பொறுப்பேற்ற நாளில் எனக்குக் கிடைத்தது ஒரு பழுப்பு உறை. அதற்குள் ரசீதுகள், பாதி மையழிந்தவை. வங்கிக் கணக்கு இருந்தது; ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை, படிப்பை முடித்துவிட்டுப் போன இருவரின் பெயரில் இருந்தது. ஒருவர் வெளிநாட்டில். மற்றவரின் எண் மாறியிருந்தது. அவர்கள் கையெழுத்தில்லாமல் பெயரை மாற்ற முடியாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள், அது அவர்கள் விதி. நான்கு மாதம், உறுப்பினர்கள் கட்டிய சந்தாப் பணம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் எடுக்க முடியவில்லை. அரங்க வாடகைக்கு ஒரு மாணவி தன் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். எங்களில் மிகவும் சிரமப்பட்டுப் படித்தவர் அவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பணத்தைக் கொடுத்து முடிக்கும்வரை அவரை நேராகப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

அதிலிருந்து நான் எல்லோரிடமும் சொல்வது இவைதான். சங்கப் பணம் ஒரு நாளும் தனியார் கணக்கில் இருக்கக் கூடாது, "ஒரு வாரத்துக்குத்தானே" என்றாலும். எடுப்பதற்கு இருவர் ஒப்புதல் வேண்டும். ரசீது கைக்கு வந்த அன்றே அதைப் படமெடுத்துப் பொது இடத்தில் சேமித்துவிட வேண்டும். மாதம் ஒருமுறை, கையிருப்பு வெறும் நூறாக இருந்தாலும், கூட்டத்தில் கணக்கை வாய்விட்டுப் படிக்க வேண்டும். யாரும் சொந்தப் பணத்தைப் போட்டுச் சங்க வேலை செய்யும்படி விடக்கூடாது. முடிந்தவர் போடுவார், முடியாதவர் முடியவில்லை என்று சொல்லக் கூசி ஒதுங்கிவிடுவார். கொஞ்ச நாளில் சங்கம் வசதியுள்ளவர்களின் கூடாரமாகிவிடும்.

பல்கலைக்கழகமே சங்கங்களுக்குக் கணக்கு வைத்துத் தரும் ஏற்பாடு இருந்தால், தாமதமானாலும் அதையே பயன்படுத்துங்கள்.

நிறுவனம் ஒன்று நிகழ்ச்சிக்குப் பணம் தருவதாகச் சொல்கிறது. வாங்கலாமா?

வாங்குமுன், அந்த நிறுவனம் நாளை உங்களிடம் என்ன எதிர்பார்க்கும் என்று யோசியுங்கள். சட்ட நிறுவனம் ஒன்று மாதிரி நீதிமன்றப் போட்டிக்குக் கோப்பை கொடுப்பதில் பெரிய சங்கடம் இல்லை. ஆள் தேடுகிறார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததே. மருத்துவத்திலும் மருந்தியலிலும் நிலைமை வேறு. மருந்து நிறுவனத்தின் பணத்தில் நடந்த கூட்டத்தில் உட்கார்ந்த மாணவர் நாளை மருந்துச்சீட்டு எழுதப்போகிறவர். கெடுவது அவருடைய பணமோ உடலோ இல்லை, நோயாளியுடையது. 1950இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மருத்துவ மாணவர் சங்கம், 2002இல் மருந்து நிறுவனங்களின் பரிசுகளை மறுக்கும் இயக்கத்தைத் தொடங்கியது. பிறகு மருத்துவக் கல்லூரிகள் இந்த விஷயத்தில் வைத்திருக்கும் விதிகளுக்கு மதிப்பெண் போட்டு வெளியிட்டது. மாணவர்கள் தங்கள் கல்லூரிகளுக்கே மதிப்பெண் போட்டது எனக்கு மிகவும் பிடித்த செயல்.

வாங்குவதென்று முடிவானால் தொகையையும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்கி, உறுப்பினர்களுக்குச் சொல்லிவிடுங்கள். சொல்லத் தயங்குகிற பணம் எதுவாக இருந்தாலும் அதை வாங்க வேண்டாம்.

இலவச மருத்துவ மையம், சட்ட உதவி மையம் நடத்தும் சங்கத்தில் சேரலாமா? நாங்கள் இன்னும் மாணவர்கள்தானே?

சேருங்கள். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஹார்வர்டில் மாணவர்களே நடத்தும் சட்ட உதவி அமைப்பு 1913இலிருந்து இயங்குகிறது. ஆனால் வருகிறவருக்கு நீங்கள் மாணவர் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் மேற்பார்வையில் இல்லாமல் மருந்தோ சட்ட ஆலோசனையோ தரக் கூடாது. அந்த மேற்பார்வையாளர் வராத நாளில் மையத்தைத் திறக்காதீர்கள். வரிசையில் ஆட்கள் நிற்கிறார்களே என்று மனம் இளகும். இளகினாலும் திறக்கக் கூடாது.

மையத்துக்கு வருகிறவர்கள் சொன்னது அங்கேயே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். பெயர் சொல்லாமல் சொன்னாலும், சிறிய ஊரில் யார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். மையத்தின் படங்களைச் சமூக ஊடகத்தில் போடும் ஆசையை அடக்குங்கள். தேர்வு வந்ததும் மையத்தை மூடிவிடுகிற வழக்கமும் வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு உங்கள் தேர்வு அட்டவணை தெரியாது. விடுமுறையில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது முடிவாகாமல் ஒரு சேவையைத் தொடங்குவதைவிட, தொடங்காமல் இருப்பது மேல்.

மாணவர் சங்கத்தால் உண்மையிலேயே எதையாவது மாற்ற முடியுமா?

முடிந்திருக்கிறது. ஸ்டாவுடின் என்ற எச்.ஐ.வி. மருந்தின் கதையைக் கேளுங்கள். அது எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்யும் என்பதை யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். காப்புரிமை யேலிடம், தயாரித்து விற்கும் உரிமை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திடம். 2001 தொடக்கத்தில், தென்னாப்பிரிக்காவில் விலை குறைந்த மாற்று மருந்தைக் கொண்டுவர அனுமதிக்குமாறு எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு யேலிடம் கேட்டது. உரிமையை நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டோம், எங்கள் கையில் இல்லை என்ற போக்கில் முதல் பதில் வந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த சட்ட மாணவர்கள் அதோடு விடவில்லை. மற்றத் துறை மாணவர்களோடும் ஆய்வாளர்களோடும் சேர்ந்து கையெழுத்து திரட்டினார்கள். மருந்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாஃபும் அவர்கள் பக்கம் பேசினார். அந்த மார்ச் மாதத்திலேயே, தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தப்போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. அந்த முயற்சியிலிருந்துதான், பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகள் ஏழை நாடுகளுக்கும் எட்ட வேண்டும் என்று வாதாடும் மாணவர் அமைப்பு ஒன்று பிறந்து பல நாடுகளுக்குப் பரவியது.

இதில் நான் கவனித்தது ஒன்று. அவர்கள் பொதுவாக "அநீதி" என்று முழங்கவில்லை. உரிம ஒப்பந்தத்தைப் படித்தார்கள். யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து கேட்டார்கள். தாங்கள் கற்றுக்கொண்டிருந்த தொழிலையே கருவியாக எடுத்தார்கள். உங்கள் துறையில் கட்டண உயர்வோ, பயிற்சிக் கால வேலை நேரமோ பிரச்சினையாக இருக்கலாம். முதலில் விதியைத் தேடிப் படியுங்கள். முடிவெடுக்கும் குழு எது, அது எந்த மாதம் கூடுகிறது என்று கண்டுபிடியுங்கள். முடிவான பிறகு எழுப்பும் குரலைவிட, முடிவாகும் முன் கொடுத்த இரண்டு பக்கக் கடிதம் அதிகம் சாதிக்கும்.

புதிதாக ஒரு சங்கம் தொடங்க நினைக்கிறோம்.

ஏற்கெனவே இருக்கும் சங்கத்துக்குள் ஒரு குழுவாகத் தொடங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாதென்றால் தொடங்குங்கள். பொதுவாகக் கேட்கப்படுபவை: குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, ஆலோசகராக ஒரு பேராசிரியர், எழுதப்பட்ட அமைப்பு விதிகள். விதிகளைச் சுருக்கமாக எழுதுங்கள். கோரம் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள்) எவ்வளவு, தேர்தல் எப்போது, பணத்துக்கு யார் கையெழுத்து, கலைத்தால் மீதிப் பணம் எங்கே போகும் என்ற நான்கும் இருந்தால் பெரும்பாலும் போதும். கோரத்தை ஆசையாக உயர்த்திவைக்காதீர்கள்; தேர்வு மாதத்தில் ஒரு முடிவும் எடுக்க முடியாமல் போகும்.

தொடங்குகிறவர்களில் ஒருவராவது முதலாண்டு மாணவராக இருக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்கள் மட்டும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அவர்களோடு பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும்.

பகுதிநேரமாக, இணையவழியில் படிக்கிறேன். எனக்கு இடம் உண்டா?

உண்டு, ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். உங்களால் செய்ய முடிந்த வேலையைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்: இதழைத் திருத்துவது, முன்னாள் மாணவர் பட்டியலைப் பராமரிப்பது, இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையக் கூட்டத்தை நடத்துவது. நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள், எல்லாக் கூட்டத்தையும் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் வைக்காதீர்கள். மாலை வேளையே கூட்டத்துக்குரியது என்று முடிவுகட்டினால், குழந்தையை அழைத்துவரப் போக வேண்டியவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடுவார்கள்.

சங்கத்துக்குள் சண்டை. விலகிவிடலாமா?

முதலில் எதற்குச் சண்டை என்று பிரித்துப் பாருங்கள். பணம் பற்றியதென்றால் கணக்கை எழுத்தில் கேளுங்கள். வேலை சமமாகப் பங்கிடப்படவில்லை என்றால் கூட்டத்தில் பெயர் போட்டுப் பங்கிடுங்கள். யாராவது துன்புறுத்தப்படுகிறார்கள் என்றால் அது சங்கத்துக்குள் பேசித் தீர்க்கும் விஷயமே இல்லை. கல்வி நிறுவனத்தின் புகார்க் குழுவிடம் உடனே போக வேண்டும். வெறும் மனக்கசப்பென்றால், கையிலிருக்கும் வேலையை முடித்து ஒப்படைத்துவிட்டு விலகுங்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனதுதான் நினைவில் நிற்கும், காரணம் நிற்காது.

ஒவ்வோர் ஆண்டும் எங்கள் சங்கம் முதலிலிருந்து தொடங்குகிறது. என்ன செய்வது?

முன்பு பிறகு சொல்கிறேன் என்றது இதைத்தான். இரண்டு வருடப் படிப்பில் முதல் வருடம் பழகுவதற்கே போய்விடுகிறது. இரண்டாம் வருடம் பொறுப்பு. பாதியில் இன்டர்ன்ஷிப், வேலை தேடல், ஆய்வேடு. இறுதித் தேர்வு முடிந்த வாரத்தில் தேர்தல் வைத்து, புதியவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சென்ற ஆண்டு பழையவர் முட்டிக்கொண்ட அதே சுவரில் புதியவரும் முட்டிக்கொள்வார்.

தேர்தலை ஆண்டின் நடுவுக்கு நகர்த்துங்கள். பழையவர் இருக்கும்போதே புதியவர் குறைந்தது ஆறு வாரம் கூட நடக்க வேண்டும். ஒரு நிகழ்ச்சியைப் பழையவர் நடத்த, புதியவர் பார்க்க வேண்டும்; அடுத்ததைப் புதியவர் நடத்த, பழையவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

மின்னஞ்சல், கூகுள் டிரைவ், சமூக ஊடகக் கணக்கு எல்லாம் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆளின் பெயரில் வேண்டாம். பாஸ்வேர்டுகள் ஆலோசகப் பேராசிரியருக்கும் தெரிந்த ஓர் இடத்தில் பாதுகாப்பாக இருக்கட்டும்.

ஒப்படைப்புக் குறிப்பு எழுதும்போது சாதனைப் பட்டியல் வேண்டாம். அதை ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்ளலாம். அடுத்தவருக்குத் தேவையானது வேறு. அரங்கத்துக்கு எத்தனை வாரம் முன்னால் எழுதிக்கொடுக்க வேண்டும், அலுவலகத்தில் யாரைப் பார்த்தால் வேலை நடக்கும், எந்தப் பேச்சாளர் வருவதாகச் சொல்லிவிட்டு வரமாட்டார், எந்த நிகழ்ச்சிக்கு அறுபது நாற்காலி போட்டு ஒன்பது பேர் வந்தார்கள், ஏன் வரவில்லை என்று நினைக்கிறீர்கள். தோற்றவற்றை எழுத எல்லோருக்கும் தயக்கம்தான். எழுதிவிட்டால் அடுத்தவருக்கு ஒரு பருவம் மிச்சம். எனக்கு முன்னிருந்தவர் "கையெழுத்து மாற்ற வேண்டும், மறக்காதே" என்று ஒரு வரி எழுதியிருந்தால், அந்த மாணவி தன் பணத்தைத் தந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு முன்னிருந்த அவரும் கெட்டவர் இல்லை. அவருக்கும் யாரும் எழுதிக்கொடுத்திருக்கவில்லை.

படிப்பு முடிந்த பிறகு சங்கத்தோடு தொடர்பு வைத்திருக்கலாமா?

வைத்திருங்கள், கொஞ்சம் தள்ளி நின்று. புதியவர்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் கருத்துச் சொல்லாதீர்கள். கேட்டால் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை உங்கள் வேலையைப் பற்றிப் பேச வாருங்கள். வெற்றிக் கதையோடு, முதல் வருடம் செய்த தவறுகளையும் சொல்லுங்கள். தெரியாத எண்ணிலிருந்து ஒரு பொருளாளர் அழைத்தால் எடுங்கள். கிளம்பும்போது வங்கிக்கு ஒருமுறை நேரில் போய், உங்கள் பெயர் நீக்கப்பட்டு அடுத்தவர் பெயர் ஏறிவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ரயில் ஏறுங்கள்.